‘ச’வில் தொடங்கும் ஜப்பானியப் பாடல்கள்

வணக்கம். ‘ச’ எழுத்தில் தொடங்கும் பாடல்களைத் தொகுக்கும்போது சகுரா (செர்ரி மலர்) பாடல்களே திரும்பத் திரும்ப வருகின்றன என்று வருந்தியிருந்தீர்கள். அவற்றுள் மொரியாமா நவோதாரோ 2003இல் பியானோத் துணையுடன் பாடிய ‘சகுரா’ ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் முதலில் கேட்க வேண்டியது ஆஃப் கோர்ஸ் குழுவினரின் ‘சயோனரா’ (1979). பனிக்காலத்துப் பிரிவைச் சொல்லும் அப்பாடலில் ஒடா கசுமாசாவின் உயர்ந்த, தெளிந்த குரல் துயரத்தை மிகைப்படுத்தாமல் தாங்கி நிற்பதால், இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அது என்னை உருக்குகிறது.

ராக் வேகத்துக்கு ஸ்பையேர் குழுவின் ‘சமுராய் ஹார்ட்’ (2011) பொருந்தும். கின்டாமா என்னும் அனிமேயின் (ஜப்பானிய அசைவூட்டத் தொடரின்) நிறைவுப் பாடலாக ஒலித்தது அதுவே. செகாய் நோ ஓவாரி குழுவின் ‘சசான்கா’, 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் ஒளிபரப்புக்காக ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. பயன்படுத்திய பாடல். தோற்றவரையும் அணைத்துக்கொள்ளும் அதன் கனிவுக்காகவே, தொகுப்பின் இறுதியில் அதை வைக்கப் பரிந்துரைக்கிறேன்.