விடியற்காலை நாலரை மணி மல்யுத்தம்

கேள்வி: அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனம் நடத்தும் மல்யுத்தக் காட்சியைப் பார்ப்பதற்காக என் தம்பி விடிவதற்கு முன்பே அலாரம் வைத்து எழுந்து, கைப்பேசியோடு போர்வைக்குள் கிடக்கிறான். "எங்கள் காலத்தில் தெருவே கூடிப் பார்த்தோம்" என்கிறார் அப்பா. அப்போதும் நேரலையாகத்தான் வந்ததா?
(கல்லூரி மாணவி, தேனி)

பதில்: உங்கள் அப்பா கட்சிதான் நான். தொண்ணூறுகளின் நடுவில், ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் கேபிள் இணைப்பு இருந்தது ஒரே வீட்டில்தான். பஞ்சாலை மேஸ்திரி ஒருவரின் வீடு அது. அவர் மகன் என் வகுப்பு. வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். அண்டர்டேக்கர் என்ற வீரர் வருவதற்கான மணி ஒலித்து அரங்கத்தில் விளக்குகள் அணைந்தால், நாங்களும் எழுந்து ட்யூப்லைட்டை அணைப்போம். சண்டை இல்லாத நாட்களில் வீரர்களின் படம் போட்ட சீட்டுகளை வைத்துக்கொண்டு உயரம், எடை, மார்பளவு என்று மோதிக்கொண்டிருப்போம்.

நாங்கள் பார்த்தது நேரலை இல்லை. அமெரிக்காவில் எப்போதோ நடந்து முடிந்த சண்டை. எத்தனை வாரப் பழசு என்று கேட்கக்கூடத் தோன்றியதில்லை. ஆனால் முடிவைச் சொல்லிவிட ஊரில் ஒருவர்கூட இல்லாததால், அந்தக் கூடத்தில் அது அந்த நிமிடம்தான் நடந்தது. பிரெட் ஹார்ட் தோற்ற ஓர் இரவில் மேஸ்திரி மகன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

பிறகு முடிவு சண்டையை முந்திக்கொண்டு வரத் தொடங்கியது. 2014 ஏப்ரல் 6 அன்று நியூ ஆர்லியன்ஸில், அந்த நிறுவனத்தின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸில்மேனியா. நமக்கு அது திங்கட்கிழமை காலை. மாலையில் வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். பஸ்ஸில் முகநூலைத் திறந்ததும் 21-1 என்ற எண்கள். ரெஸில்மேனியாவில் 21 முறை மோதி ஒருமுறைகூடத் தோற்காத அண்டர்டேக்கரை பிராக் லெஸ்னர் வீழ்த்திவிட்டார். மாலையில் பார்த்தேன். வாய் பிளந்து, தலையில் கை வைத்து நின்ற அரங்கத்து மனிதர்களின் முகங்களைத்தான் பார்த்தேன். அவர்களுக்குக் கிடைத்த அந்த ஒரு கணம் எனக்குக் கிடைக்காமல் போயிற்று. இன்றுவரை அந்த வருத்தம் ஆறவில்லை.

அதனால் உங்கள் தம்பியைத் திட்டாதீர்கள். போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து கூடத்துத் தொலைக்காட்சியில் போடச் சொல்லுங்கள். அப்பாவும் வந்து உட்காருவார்.

கேள்வி: அமெரிக்கர்களுக்காவது ஆரம்பத்திலிருந்தே வீட்டில் நேரலை கிடைத்ததா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: பெரிய சண்டைகளுக்கு இல்லை ஐயா. முதல் ரெஸில்மேனியா 1985 மார்ச் 31 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தபோது, வெளியூர் ரசிகர்களில் பெரும்பாலோர் டிக்கெட் எடுத்துக்கொண்டு திரையரங்குகளிலும் மண்டபங்களிலும் அமர்ந்து பெரிய திரையில் பார்த்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் 'பே-பெர்-வியூ' பரவியது. கேபிள் நிறுவனத்துக்குச் சொல்லி அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் பணம் கட்டினால், கலங்கலாக ஓடிக்கொண்டிருக்கும் அலைவரிசை அன்றிரவு தெளிந்துவிடும். ரெஸில்மேனியாவுக்கான கட்டணம் 2013 வாக்கில் அறுபது டாலரைத் தொட்டிருந்தது. நண்பர்கள் பங்கு போட்டுக்கொண்டு ஒரு வீட்டில் கூடினார்கள். அந்த ஊரிலும் ஒரு மேஸ்திரி வீடு இருந்திருக்கிறது என்று எனக்கு மகிழ்ச்சி.

2014 பிப்ரவரி 24 அன்று நிறுவனம் தன் சொந்த இணையச் சேவையைத் தொடங்கி, மாதம் 9.99 டாலருக்கு இந்தப் பெரிய சண்டைகளையெல்லாம் கொடுத்தது. பங்கு போடும் தேவை போயிற்று. இப்போது அவர்களின் வாராந்திர நிகழ்ச்சியான 'ரா' நெட்ஃபிளிக்ஸில் வருகிறது. அங்கே 2025 ஜனவரி முதல், இந்தியாவில் அதே ஆண்டு ஏப்ரல் முதல்.

கேள்வி: முடிவு முன்பே எழுதி வைத்ததுதானே? அதை உடனுக்குடன் பார்த்தால் என்ன, மறுநாள் பார்த்தால் என்ன?
(வாசகர், திருச்சி)

பதில்: எழுதி வைத்ததுதான். 1989-இல் நியூ ஜெர்சி மாநில அரசிடம் நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது. ஆனால் விழும் உடம்பு உண்மை. 1999 மே 23 அன்று கன்சாஸ் சிட்டியில், கூரையிலிருந்து கயிற்றில் இறங்க வேண்டிய வீரர் ஓவன் ஹார்ட் மல்யுத்த மேடையில் விழுந்தார். அந்த நொடியில் வீட்டுத் திரைகளில் முன்பே பதிவு செய்த ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்ததால் வீட்டிலிருந்தவர்கள் அதைப் பார்க்கவில்லை. இது நிகழ்ச்சியின் பகுதி இல்லை என்று வர்ணனையாளர் ஜிம் ராஸ் சொன்னார். ஓவன் இறந்துவிட்டார் என்ற செய்தியையும் பிறகு ராஸே வீடுகளுக்குச் சொன்னார். அரங்கத்தில் இருந்தவர்களிடம் யாரும் சொல்லவில்லை, நிகழ்ச்சி தொடர்ந்தது. அன்று நிகழ்ச்சியை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

அதே ஆண்டு ஜனவரி 4 அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். இந்த நிறுவனத்துக்குப் போட்டியான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் 'நைட்ரோ' நேரலையில், எதிர் அலைவரிசையில் ஓடும் 'ரா' பழைய பதிவு, அதில் மிக் ஃபோலி பட்டம் வெல்கிறார் என்று முடிவைப் போட்டு உடைத்தார்கள். மக்கள் லட்சக்கணக்கில் அலைவரிசையை மாற்றிப் போய் அந்தப் பதிவைத்தான் பார்த்தார்கள். அத்தனை ஆண்டு அடிபட்ட மனிதர் பட்டத்தைக் கையில் வாங்குவதைக் கண்ணால் காண வேண்டும் அவர்களுக்கு. முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்று நான் யாரிடம் வாதாடினாலும் இந்த இரவு குறுக்கே வந்து நிற்கிறது.

ஆனாலும் அலாரம் வைக்கிறேன். 2025 ஏப்ரல் 21, திங்கட்கிழமை, விடியற்காலை நாலரை மணி. என்னோடு அக்கா மகன். ஜான் சீனாவைப் பார்த்து வளர்ந்த பையன் அவன். லாஸ் வேகாஸில் சீனாவும் கோடி ரோட்ஸும் மோதும் நேரத்தில் இங்கே வெயில் ஏறிவிட்டது. பால் காய்ச்சிக்கொண்டிருந்த அம்மா அடுப்படியிலிருந்து, "யார்டா ஜெயித்தது?" என்று கேட்டார். "இன்னும் முடியவில்லை பாட்டி, சீக்கிரம் வாருங்கள்" என்று கத்தினான். அடுப்பை அணைத்துவிட்டு வந்த அம்மா, சீனா பதினேழாவது முறையாகப் பட்டத்தைத் தூக்கியபோது எங்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.