வாக்கு இயந்திரத்தின் எண்ணிக்கையை யார் சரிபார்ப்பது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "இயந்திரம் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்வார்களா?"

இல்லை. வாக்குப்பதிவு முடிந்ததுமே மொத்த வாக்குகளைப் படிவம் 17சி-யில் எழுதி, வேட்பாளர்களின் முகவர்களுக்கும் நகல் தருவார்கள். எண்ணும் நாளில் முதலில் முத்திரையையும் இயந்திர எண்ணையும் அதோடு ஒப்பிடுவார்கள். அப்புறம்தான் ரிசல்ட் பொத்தான். திரையில் வரும் கூட்டுத்தொகை 17சி-யோடு பொருந்த வேண்டும். வாக்குப்பதிவுக்கு முன் சோதனைக்காகப் போட்ட மாதிரி வாக்குகளை அழிக்க மறந்திருந்தால் பொருந்தாது. அந்த இயந்திரத்தைத் தனியே வைத்துவிடுவார்கள். வெற்றி வித்தியாசம் அதிலுள்ள வாக்குகளைவிடப் பெரிதென்றால் அதைத் தொடவே மாட்டார்கள். இல்லையென்றால் விவிபேட் சீட்டுகளை, அதாவது ஒவ்வொரு வாக்குக்கும் அச்சாகிப் பெட்டியில் விழும் காகிதச் சீட்டுகளை, எண்ணுவார்கள்.

எப்படியும் சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளைக் குலுக்கலில் எடுத்துச் சீட்டை எண்ணுவது 2019 முதல் கட்டாயம். முகவர் 17சி நகலைக் கையோடு கொண்டுவருவது நல்லது. பலர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து சண்டை போடுவார்கள்!

கடைசியில் முடிவுக்குச் சான்றளிப்பது தேர்தல் நடத்தும் அலுவலர்.