கூழில் கை வைக்கட்டும்

கேள்வி: மொரிஷியஸின் ரோஸ்ஹில்லில் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை நான். குப்பையைக் குறைக்கச் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். மணியடித்ததும் தாளைக் கசக்கி எறிகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பேச்சைக் குறையுங்கள், டீச்சர். என் வகுப்பில் பழைய நோட்டுத் தாள்களைக் கிழித்து இரவெல்லாம் ஊறவைப்போம். காலையில் பிள்ளைகளே கூழாகப் பிசைவார்கள். மரச்சட்டத்தில் கொசுவலையை இழுத்துக் கட்டி, கூழ்த்தண்ணீரில் அமிழ்த்தி, மட்டமாகத் தூக்க வேண்டும். சூட்சுமமே அந்தத் தூக்கலில்தான்: சட்டம் சாய்ந்தால் ஒரு பக்கம் தடித்துவிடும். பழந்துணியில் கவிழ்த்து, ஒற்றி, வெயிலில் காயவையுங்கள். ஒரு தாளுக்கு இத்தனை பாடா என்று பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்பார்கள். மார் ஷிகோஸ் குப்பைக் கிடங்கைப் பற்றிச் சொல்ல அதுதான் நேரம். 1997 முதல் தீவின் குப்பை அங்கேதான் குவிகிறது. 2016இல் பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்டும் மேடு குறையவில்லை. காய்ந்த தாளில் பொங்கல் வாழ்த்து எழுதட்டும். மினுமினுப்புத் தூள் மட்டும் வேண்டாம். பெரும்பாலும் அதுவும் பிளாஸ்டிக்தான்.