ராஜா காலத்து போர் படத்துல கூட்டத்துல ஒருத்தரா நடிச்ச அனுபவம் எப்படி இருக்கும்?

வேலை இல்லாம சுத்திட்டு இருந்தப்போ ஒரு ஏஜென்ட் புடிச்சு ஐதராபாத் பக்கம் ஒரு சரித்திரப் படத்துக்கு சிப்பாயா போயிருக்கேன். படம் பேர் வேண்டாம், பேட்டா பாக்கி இன்னும் வரல.

சண்டை போடுறது நாங்கன்னு நெனைக்காதீங்க. கேமரா பக்கத்துல கத்தி மோதுறவங்கல்லாம் ஃபைட்டர்ஸ், அவங்க யூனியனே தனி. எங்கள மாதிரி கூட்டத்துல நிக்கிற ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் பின்னாடி நின்னு ஈட்டிய ஆட்டிக்கிட்டு தொண்டை கிழிய கூச்சல் போடணும், அவ்ளோதான். முன் வரிசைக்கு நல்ல கவசம், பின்னாடி போகப் போக டிரெஸ் மட்டமாயிட்டே போகும், கடைசி ஆளுங்களுக்கு பெயின்ட் அடிச்ச துணிதான். விடியறதுக்கு முன்னாடியே உக்கார வெச்சு ஸ்பிரிட் கம் தடவி தாடி ஒட்டிருவாங்க, பத்து மணி வெயில்ல வேர்வை எறங்குனா அது அரிக்கிற அரிப்பு இருக்கே, சொறிஞ்சா தாடி கையோட வந்துரும், காஸ்ட்யூம் அசிஸ்டென்ட் திட்டுவாரு. அவரு வரிசையா வந்து கையில சாமி கயிறு, மோதிரம், கண்ணாடி எல்லாம் செக் பண்ணிட்டுதான் போவாரு.

ஆனா ஓடுறத விட கஷ்டம் செத்துக் கெடக்குறதுதான். ரத்தம்னு ஊத்துறது கலர் கலந்த சர்க்கரைப் பாகு, ஊத்துன அஞ்சாவது நிமிஷம் ஈ வந்துரும், மூக்கு மேல நடக்கும், உதடு மேல நடக்கும், நாம பொணம், அசையக் கூடாது. மைக்ல ஒரு குரல் வரும், "யோவ் அந்த குதிரை பக்கத்து டெட் பாடி, மூச்ச அடக்குய்யா"ன்னு.

மதியம் சாப்பிட்டு வந்தா கொடியும் தலைப்பாகையும் மாத்தி எதிரி படை ஆக்கிருவாங்க. இது எங்க ஊரு சிக்கனம் மட்டும் இல்ல, 1995ல வந்த பிரேவ்ஹார்ட்லயும் அயர்லாந்து ரிசர்வ் ராணுவ ஆளுங்கதான் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து ரெண்டு படையும். அதுல சில பேரு அப்புறம் அதே அயர்லாந்துல வெக்ஸ்ஃபோர்ட் கடற்கரைல எடுத்த சேவிங் பிரைவேட் ரயன் படத்துக்கும் போயிருக்காங்க. இதுக்கெல்லாம் அப்பன் 1970ல வந்த வாட்டர்லூ, நெப்போலியன் தோத்த போர பத்தின படம். உக்ரைன்ல உஷ்ஹோரோட் பக்கத்துல சோவியத் ராணுவத்துலேர்ந்து சுமார் 15,000 காலாட்படை, 2,000 குதிரைப்படைய எறக்கி எடுத்தாங்க. நெஜ சிப்பாய்ங்கதான், ஆனா குதிரைங்க நேரா பாஞ்சு வர்றதப் பாத்து வரிசைய விட்டு ஓடிட்டாங்களாம், அத படிச்சப்போ எனக்கு ரொம்ப ஆறுதல்.

இப்போ அவ்ளோ பேரு தேவையே இல்ல. கேமராவ அசையாம வெச்சிட்டு ஒரே எரநூறு பேர எடம் மாத்தி மாத்தி நிக்க வெச்சு எடுத்து கம்ப்யூட்டர்ல ஒட்டிருவாங்க, அதுக்கப்புறம் நாம எங்க இருக்கோம்னு தேடுறது வீண் வேலை.

யாராச்சும் போறதா இருந்தா வில்லு அம்பு கோஷ்டில சேத்து விட சொல்லுங்க. கோட்டை மேல நிக்கணும், ஓட வேண்டாம், கொஞ்சம் நெழலும் கெடைக்கும்.