மலையை எதற்கு வரைய வேண்டும்?

கேள்வி: நிலக்காட்சி ஓவியங்களைக் கலை வரலாற்று நூல்கள் ஏன் இவ்வளவு கொண்டாடுகின்றன என்று புரியவில்லை. மனிதர் இல்லை, கதை இல்லை. மரம், ஆறு, வானம், அவ்வளவுதான். கேமரா இல்லாத காலத்தில் தொலைவில் உள்ள இடங்களைக் காட்ட அவை பயன்பட்டிருக்கலாம். எல்லோர் கையிலும் கேமரா இருக்கும் இன்று அவை வெறும் சுவர் அலங்காரம்தானே? (ஒரு வாசகர்)

பதில்: உங்கள் கேள்விக்குள் ஒரு தீர்ப்பு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஓவியர் ஓர் இடத்துக்குப் போனார், கண்ணில் பட்டதை அப்படியே வரைந்து எடுத்துவந்தார், அதே வேலையை இன்னும் துல்லியமாகச் செய்யும் கருவி வந்ததும் அவருடைய தேவை தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டுத்தான் என்னைக் கேட்கிறீர்கள். அந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. இந்தக் கலையில் உயர்ந்தவை என்று மதிக்கப்படும் படைப்புகளில் பல, இடத்தின் நகல்களாக ஒருபோதும் இருந்ததில்லை.

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் யாக்கோப் வான் ரூய்ஸ்டாலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் உள்ள பென்ட்ஹைம் கோட்டையை அவர் பலமுறை வரைந்தார். அந்தக் கோட்டை நிற்பது ஒரு தாழ்வான குன்றின்மேல். 1653இல் அவர் வரைந்த படத்திலோ அது காடு மண்டிய மலையின் உச்சியில் ஏறி நிற்கிறது. 'யூதர் இடுகாடு' என்ற அவருடைய புகழ்பெற்ற படத்தில் கல்லறைகள் மெய்யானவை; ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே ஔடர்கெர்க்கில் இன்றும் இருப்பவை. ஆனால் அவற்றின் ஓரமாகப் பாயும் ஓடையும் பின்னால் இடிந்து நிற்கும் பெரிய கட்டடமும் அந்த இடத்தில் இல்லாதவை. ரூய்ஸ்டால் கொண்டுவந்து சேர்த்தவை அவை. கல்லறைகளை மட்டும் வரைந்திருந்தால் அது ஓர் இடத்தின் பதிவு. இடிபாடு, பட்டுப்போன மரம், ஓயாமல் ஓடும் நீர், கருமேகத்தின்மேல் ஒரு வானவில் எல்லாம் ஒன்றாகக் கூடியதும், மனிதர் கட்டுபவை எத்தனை நாள் நிற்கும் என்று அந்தப் படம் நம்மை யோசிக்கவைக்கிறது. கதை இல்லை என்கிறீர்களே, இதைவிடப் பெரிய கதை எது?

ஆங்கிலேயர் ஜான் கான்ஸ்டபிளிடம் போவோம். வண்டியொன்று ஆற்றுக்குள் இறங்கி நிற்கும் 'வைக்கோல் வண்டி' அவருடைய மிகப் பிரபலமான படம். 1821இல் காட்சிக்கு வந்தது. 1824இல் பாரிசில் தங்கப்பதக்கம் பெற்றது. ஸ்டூர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரைந்ததுபோல் அவ்வளவு ஈரமாக இருக்கும். வரையப்பட்டது லண்டனில், ஓவியக்கூடத்துக்குள். ஆற்றங்கரையில் முன்பு எடுத்துவைத்திருந்த சிறு ஓவியங்களிலிருந்து, முதலில் அதே அளவில் ஒரு முழு முன்வரைவு தீட்டிப் பார்த்து, பிறகு ஆறடி அகலக் கித்தானில் கட்டி எழுப்பினார். 1821, 1822ஆம் ஆண்டுகளில் ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று மேகங்களை மட்டுமே தனியாக வரைந்து குவித்தார். பலவற்றின் பின்புறம் தேதி, நேரம், காற்று வீசிய திசை ஆகியவற்றைக் குறித்துவைத்தார். வானத்தை அவ்வளவு கறாராகப் படித்த மனிதர், அந்தப் படிப்பையெல்லாம் சேர்த்துத் தாம் வேண்டிய ஒரு வானத்தை உண்டாக்கினார்.

ஐரோப்பாவுக்கு வெகுமுன்பே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டவர்கள் சீனர்கள். 5ஆம் நூற்றாண்டில் மறைந்த ஸோங் பிங் வாழ்நாளெல்லாம் மலைகளில் அலைந்தவர். முதுமையும் நோயும் வந்து கால் ஓய்ந்தபோது, தாம் ஏறிய மலைகளை வீட்டுச் சுவர்களில் வரைந்துவைத்து, படுத்தபடியே அவற்றில் பயணம் செய்தார் என்று வரலாறு சொல்கிறது. 11ஆம் நூற்றாண்டின் ஓவியர் குவோ ஷி இதைக் கோட்பாடாகவே ஆக்கினார். ஓவியத்து மலைகளில் கடந்துபோகத் தக்கவை உண்டு, பார்க்கத் தக்கவை உண்டு, உலாவத் தக்கவை உண்டு, குடியிருக்கத் தக்கவை உண்டு. பின்னவை இரண்டும் முன்னவை இரண்டையும்விட மேலானவை என்பது அவர் கருத்து. நிலக்காட்சி ஓவியத்தின் ஈர்ப்பைப் பற்றி இதற்குமேல் சிறப்பாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. கேமராவோடு ஒப்பிடும் நீங்கள் 'பார்க்கத் தக்கது' என்ற படியிலேயே நின்றுவிடுகிறீர்கள். குவோ ஷி கேட்டது அந்த மலைக்குள் வாழ முடியுமா என்பதை.

மனிதர் இல்லை என்ற குறைக்கு வருகிறேன். குவோ ஷிக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த ஃபான் குவானின் 'மலைகளுக்கும் ஓடைகளுக்கும் இடையே பயணிகள்' இன்று தைபெய் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பட்டில் மையால் வரைந்தது, இரண்டு மீட்டருக்குமேல் உயரம். செங்குத்தான ஒரே மலை படத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது, ஒரு பிளவில் நூல்போல அருவி, அடியில் மூடுபனி. அதற்கும் கீழே, வலது ஓரத்தில், சுமை ஏற்றிய கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு ஆட்கள் போகிறார்கள். தேடினால்தான் கிடைப்பார்கள். அவர்களுக்கு அருகே இலைகளுக்குள் ஓவியரின் கையெழுத்து ஒளிந்திருந்தது. 1958இல்தான் அது ஆய்வாளர் கண்ணில் பட்டது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அந்தப் பெயர் தழைக்குள் கிடந்திருக்கிறது. இவ்வளவு பெரிய மலைக்கு முன்னால் தாம் எவ்வளவு இடம் எடுத்துக்கொள்ளலாம் என்பதை அவர் அப்படி முடிவு செய்திருக்கிறார். இதில் மனிதர் இல்லை என்று எப்படிச் சொல்வது?

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, அதன்மேல் காதலையும் பிரிவையும் நடக்கவிட்ட அகப்பாடல்களின் மொழியில் நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். தலைவியின் பெயரைக்கூட அந்தப் பாடல்கள் சொல்வதில்லை; முல்லையின் மாலைப்பொழுதை மட்டும் விடுவதில்லை. அவற்றைப் படித்து வளர்ந்தவர்களுக்கு, நிலத்தில் என்ன இருக்கிறது என்ற ஐயம் வரவே கூடாது என்பது என் எண்ணம்.

ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே மலையும் ஆறும் வெகுகாலம் புனிதர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றன. 1520ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆல்ப்ரெக்ட் ஆல்ட்டோர்ஃபர் என்ற ஜெர்மானியர் ஆளே இல்லாத காடுகளையும் பாலங்களையும் சிறு தைல ஓவியங்களாக வரைந்தது அந்தச் சூழலில் பெரிய துணிச்சல். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அகாதெமி ஓவியங்களுக்குத் தரவரிசையே வகுத்தது. புராணமும் வரலாறும் உச்சியில், மனித முகங்கள் அடுத்து, நிலக்காட்சி கீழே. மனிதர் இல்லை, கதை இல்லை என்ற உங்கள் வாதத்தைத்தான் அவர்களும் சொன்னார்கள். 350 ஆண்டுகளாக ஓவியர்கள் தூரிகையால் பதில் சொல்லிவருகிறார்கள்.

அந்தப் பதில்களில் என்னை மிகவும் உலுக்கியது காஸ்பார் டேவிட் ஃப்ரீட்ரிஹ் 1808க்கும் 1810க்கும் இடையில் வரைந்த 'கடலோரத் துறவி'. கீழே வெளிறிய மணல், ஒரு பட்டை கருங்கடல், மற்றதெல்லாம் வானம். நகத்தளவு துறவி ஒருவர் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார். அகச்சிவப்புக் கதிர் ஆய்வு என்ன காட்டியது தெரியுமா? ஃப்ரீட்ரிஹ் முதலில் அந்தக் கடலில் கப்பல்களை வைத்திருந்தார். பிறகு எடுத்துவிட்டார். கப்பல் இருந்தால் அதை வைத்துத் தொலைவை அளந்துவிடுவோம், அது எங்கே போகிறது என்று ஒரு கதையும் கட்டிவிடுவோம். அளக்கவோ பிடித்துக்கொள்ளவோ ஒன்றும் இல்லாத வெளியை அந்த மனிதருக்கு எதிரே விரிக்க ஃப்ரீட்ரிஹ் விரும்பினார். நீங்கள் குறை என்று எண்ணும் வெறுமை, உழைத்துப் பெறப்பட்ட வெறுமை.

இனி கேமரா. புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. தொடக்கக் காலத் தகடுகள் நீல ஒளியை மிகையாகப் பதிவு செய்தன. தரைக்கு ஏற்ற அளவு ஒளி விட்டால் வானம் வெளுத்து ஒன்றுமில்லாமல் போகும். 1850களில் கடல் காட்சிகளால் புகழ்பெற்ற குஸ்தாவ் லெ க்ரே என்ன செய்தார்? கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு வேறொரு நெகட்டிவ் எடுத்து, தொடுவானத்தில் இரண்டையும் இணைத்து ஒரே படமாக அச்சிட்டார். கான்ஸ்டபிள் தூரிகையால் செய்ததை அவர் இருட்டறையில் செய்தார். நிலத்தைப் படமாக்க வருகிறவர் எந்தக் கருவியோடு வந்தாலும் தேர்ந்தெடுக்கவும் சேர்க்கவும் விலக்கவும் வேண்டியிருக்கிறது. புகைப்படக்காரரை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவரையும் நகலெடுப்பவர் என்று நீங்கள் எண்ணுவதைத்தான் மறுக்கிறேன்.

கேமரா வந்த பிறகு இந்தக் கலை சோர்ந்ததா என்றால், நடந்தது நேர்மாறு. 1841இல் மடக்கக்கூடிய உலோகக் குழாய்களில் வண்ணம் அடைக்கும் முறைக்குக் காப்புரிமை கிடைத்தது; தைல வண்ணத்தோடு வெளியே போவது எளிதாயிற்று. 1874இல் காட்சிக்கு வைக்கப்பட்ட மொனேயின் 'மனப்பதிவு, சூரிய உதயம்' படத்தை ஒருமுறை கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். ஆரஞ்சுச் சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும். சுற்றியுள்ள சாம்பல் வானத்தின் அதே ஒளி அளவில் மொனே அதை வைத்திருக்கிறார். நிறம் மட்டுமே அதைப் பிரித்துக் காட்டுகிறது. அந்தச் சூரியன் நம் கண்ணில் துடிப்பது இதனால்தான். கேமராவின் முன் நிற்கும் மெய்யான சூரியன் வானத்தைவிடப் பன்மடங்கு பிரகாசமானது. அதை எவ்வளவு துல்லியமாகப் பிடித்தாலும் இந்தச் சூரியன் கிடைக்காது.

சுவர் அலங்காரம் என்ற சொல்லுக்கும் பதில் சொல்ல வேண்டும். 18ஆம் நூற்றாண்டில், ஓவியர் க்ளோத் லொரேன் தீட்டிய பொன்னிற மாலைப்பொழுதுகளில் மனம் பறிகொடுத்த ஆங்கிலப் பயணிகள், கறுப்புச் சாயம் பூசிய சிறு குவிகண்ணாடியை எடுத்துக்கொண்டு ஏரிகளுக்குப் போனார்கள். ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் அதை லொரேனின் ஓவியம்போல் பார்த்தார்கள். கொஞ்சம் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் ஓர் ஓவியர் ஒரு தலைமுறையின் பார்வையையே மாற்றியதற்குச் சான்று அது. பிரான்சில் ஃபோன்தென்ப்லோ காட்டின் மரங்களை வெட்டக் கூடாது என்று அங்கே வரைந்துகொண்டிருந்த ஓவியர்கள் போராடினார்கள். 1861இல் அரசாணை ஒன்று அந்தக் காட்டின் ஒரு பகுதியைக் கலைக்காக ஒதுக்கியது. 1871இல் யெல்லோஸ்டோன் பகுதிக்குச் சென்ற ஆய்வுக் குழுவில் ஓவியர் தாமஸ் மோரனும் புகைப்படக்காரர் வில்லியம் ஹென்றி ஜாக்சனும் இருந்தார்கள். இருவரின் படங்களும் அமெரிக்கக் காங்கிரஸின் பார்வைக்குப் போயின. நிறத்தைக் காட்டியவை மோரனின் நீர்வண்ணங்கள் மட்டுமே. 1872 மார்ச்சில் யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்காவாக்கும் சட்டம் வந்தது. அந்த ஆண்டே மோரனின் பெரிய யெல்லோஸ்டோன் ஓவியத்தைக் காங்கிரஸ் 10,000 டாலருக்கு வாங்கியது. அதிலும் பாறைகள் நிலத்தில் இருந்த வரிசையில் இல்லை.

சுவரை நிரப்புவதற்கென்றே தயாராகும் நிலக்காட்சிகள் ஏராளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பனிமலை, குடில், நீரில் நிழல், எல்லாம் பழகிய கையால் தீட்டியவை. நீங்கள் பார்த்துச் சலித்தவை அவையாக இருக்கலாம். அவற்றை வைத்து ரூய்ஸ்டாலை எடை போடாதீர்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஹேக் நகர மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ரூய்ஸ்டாலின் 'ஹார்லெம் காட்சி'யை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் தொடுவானம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள்: வெகு கீழே, படத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மேகம். அடுத்து, உங்களை எங்கே நிற்கவைத்திருக்கிறார் என்று பாருங்கள்: ஒரு மணல்மேட்டின்மேல், நகரத்துக்கு வெளியே. பிறகு வெளிச்சம் எங்கெங்கே விழுகிறது என்று தேடுங்கள். முன்னால் உள்ள வயலில் துணி வெளுப்பவர்கள் விரித்திருக்கும் வெள்ளைத் துணிகளின்மேல் ஒரு கீற்று, இடையில் மேகநிழல், அதற்கப்பால் இன்னொரு கீற்று. அவர் ஒளியால் போட்டிருக்கும் அந்த வழியே கண் நடந்துபோனால், கடைசியில் தேவாலயத்துக்குப் போய்ச்சேரும். அவசரப்படாமல் நடந்துவிட்டு, சுவர் அலங்காரமா என்று மறுபடி எழுதுங்கள். அந்தக் கடிதத்தையும் வெளியிடுகிறேன்.