களிமண்ணில் நெல்லுக்குப் பிறகு: டெல்டா விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில்

நான் நீடாமங்கலம் பக்கத்தில் 9 ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி. அதிகாரி அல்ல. நெல்லோடு வேறு பயிர்கள் சேர்ப்பது பற்றிக் கேளுங்கள். பூச்சிமருந்து பற்றிக் கேட்காதீர்கள்.

மன்னார்குடி: ஐயா, 6 ஏக்கரிலும் குறுவையும் சம்பாவும்தான். இந்தச் சித்திரையில் மொத்தமாக இயற்கை விவசாயத்துக்கு மாறலாமா?

மொத்தமாக வேண்டாம் தம்பி. ஒரு வருடம் 9 ஏக்கரிலும் யூரியாவை நிறுத்தினேன். பயிர் வெளிறிப் போய் நின்றது, பாதி விளைச்சல்தான் வீடு வந்தது. வீட்டில் இருந்தவர்களின் நகைதான் அந்த வருடத்தைக் காப்பாற்றியது. ஒரு ஏக்கரில் தொடங்குங்கள். கோடை மழை பெய்ததும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப்பயிர்) விதை தெளித்து, 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழுங்கள். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால், தண்ணீர் வருவதற்குள் அது மட்கத் தொடங்கியிருக்கும்.

கும்பகோணம்: பல பயிர் என்பது மேட்டு நிலத்துக்காரர் பேச்சு. எங்கள் களியில் ஐப்பசியில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. நெல்லுக்கு அரசு கொள்முதல் நிலையம் இருக்கிறது. கத்தரிக்காய்க்கு இருக்கிறதா?

பாதி சரி. ஐப்பசி, கார்த்திகையில் அந்த மண்ணில் நெல்லைத் தவிர எதுவும் நிற்காது. சம்பாவை விடச் சொல்பவரை நம்பாதீர்கள். கொள்முதல் நிலையம்தான் நம்மை நெல்லோடு கட்டிப்போட்டிருக்கிறது என்பதும் உண்மை. அங்கும் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் மூட்டையோடு காத்துக் கிடக்கிறோம் என்பது வேறு கதை.

நான் கேட்பது வேறு. தை அறுவடைக்குப் பிறகு ஆனி வரை உங்கள் நிலத்தில் என்ன இருக்கிறது? வெடிப்பும் ஆடுமாடும். நம் தாத்தாக்கள் அந்த இடைவெளியில்தான் உளுந்து எடுத்தார்கள். அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நிற்கும் கதிருக்குள்ளேயே ஏக்கருக்கு 10 கிலோ விதையைத் தெளிக்க வேண்டும். ஆடுதுறை 3 இதற்கென்றே வந்த ரகம். உழவு கிடையாது, பாசனம் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் தைப் பனியுமே போதும். ஈரப்பதம் பார்க்க வயலில் கால் வையுங்கள். தடம் பதிய வேண்டும், தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. ஊறினால் விதை அழுகும். தடமே பதியவில்லை என்றால் காலம் கடந்துவிட்டது.

வலங்கைமான்: தாத்தா காலத்தில் அரிவாளால் அறுத்தார்கள். இப்போது மிஷின். தெளித்த உளுந்தில் பாதி டயரில் நசுங்கிவிடுகிறதே?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. டெல்டாவில் உளுந்து குறைந்ததற்கு மிஷினும் ஒரு காரணம். டயர் மிஷின் ஈர வயலில் இறங்கினால் தடம் பள்ளமாகிவிடும், அதில் முளைத்தது போனதுதான். டயருக்குப் பதில் அகலமான பெல்ட்டில் ஓடும் மிஷின் அழுத்தத்தைப் பரப்பிவிடுகிறது. இரண்டு இலை விட்ட நாற்று மடங்கினாலும் நாலு நாளில் நிமிர்ந்துகொள்வதை என் வயலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மிஷின் திரும்பும் மூலைகளில் மட்டும் எதுவும் மிஞ்சவில்லை. அங்கே பிறகு கையால் ஊன்றினேன்.

யாரும் சொல்லாத எதிரி வைக்கோல். மிஷின் வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகும் வைக்கோலுக்கு அடியில் நாற்று மஞ்சளாக நீண்டு செத்துப் போகும். கட்டுகிற மிஷின் வரும்வரை காத்திருக்காமல் இரண்டாம் நாளே உதறிப் பரப்புங்கள்.

கும்பகோணம் (மீண்டும்): பெல்ட் மிஷினுக்கு வாடகை அதிகம். அது உங்கள் கணக்கில் வரவில்லையே!

வந்திருக்கிறது ஐயா. நல்ல வருடத்தில் ஏக்கருக்கு 2 குவிண்டாலுக்குச் சற்று மேல் எடுக்கிறேன். கூடுதல் வாடகை போக மிஞ்சுகிறது. மாசியில் மழை பெய்த வருடத்தில் விதைக்காசுகூடத் தேறவில்லை. அதனால்தான் முழு நிலத்திலும் தெளிக்காதீர்கள் என்கிறேன்.

திருத்துறைப்பூண்டி: மாப்பிள்ளை சம்பா போட்டால் நல்ல விலை கிடைக்குமா?

வாங்குகிறவர் யார்? அதை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்து ஆதிரெங்கத்தில்தான் நெல் ஜெயராமன் 2 கிலோ விதை கொடுத்து மறு வருடம் 4 கிலோ வாங்கி இது போன்ற பாரம்பரிய நெல் ரகங்களைப் பரப்பினார். விதைக்குப் பஞ்சமில்லை, சந்தைக்குத்தான் பஞ்சம். ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும் உயரமான பயிர். உரம் கூடினால் கார்த்திகைக் காற்றில் படுத்துவிடும்.

பட்டுக்கோட்டை: கருப்பு கவுனி போடலாமா?

மேலே படியுங்கள். வாங்குகிறவர் யார்?

சீர்காழி: பூங்கார் நன்றாகப் போகுமா?

மூன்றாவது முறை சொல்கிறேன்: வாங்குகிறவரைப் பார்த்துவிட்டு விதையுங்கள்.

கூத்தாநல்லூர்: கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். இரண்டு ஏக்கரை நான்தான் பார்க்கிறேன். பெரிய செலவில்லாமல் என்ன செய்யலாம்?

வரப்பில் தொடங்குங்கள் அம்மா. வரப்போரம் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றினால் வீட்டுக்குப் பயறு ஆகும். அதில் வரும் அசுவினியைத் தேடிப் பொறிவண்டு வரும், அது நெல்லுக்கும் காவல். ஆனால் வரப்பை ரொம்ப அகலப்படுத்தாதீர்கள், எலி வளை வைக்கும்.

பேராவூரணி: நெல்லை எடுத்துவிட்டு முழுவதும் தென்னை வைக்கலாமா?

2018 நவம்பர் 16 காலையில் உங்கள் ஊர்த் தோப்புகள் எப்படிக் கிடந்தன? கஜா புயலை மறக்காதீர்கள்.

திருவையாறு: இயற்கைச் சான்றிதழ் உடனே கிடைக்குமா?

கிடைக்காது. நெல், உளுந்து போன்ற பருவப் பயிர்களுக்கு ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு மாறும் காலமே இரண்டு ஆண்டு. பக்கத்து வயல் மருந்தும் தண்ணீரும் வராமல் தடுப்பு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

பாபநாசம்: நெல்லில் வரும் புகையான் பூச்சிக்கு என்ன மருந்து?

முதல் பத்தியைப் படித்துவிட்டு ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.

வலங்கைமான் (மீண்டும்): மிஷினுக்கு அடியில் முளைத்ததைப் பார்க்க வரலாமா?

தை கடைசி வாரம் வாருங்கள். செருப்பை வரப்பில் விட்டுவிட வேண்டும். அறுத்த மறுநாளே வந்தால் வைக்கோல் உதற ஒரு கை கூடும்.