யானை, பிள்ளையார், வயல்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

யானையும் நம் வழிபாடும் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி பிள்ளையாரைப் பற்றியது, மீதி வேளாண்மையை மிதித்த யானையைப் பற்றியது. நம் மாவட்டத்தில் இரண்டையும் பிரித்துப் பேச முடியாதுதான்.

உப்புவெளியிலிருந்து: ஐயா, சிவன் தலையை வெட்டி யானைத் தலையைப் பொருத்தினார் என்று அம்மம்மா சொல்வா. கோயில் புராணப் படிப்பில் வேறு கதை சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் பழைய கதைகள்தான். தலை மாற்றிய கதை வடமொழிச் சிவபுராணத்தில் வருகிறது. தமிழில் சம்பந்தர் திருவலிவலத்தில் பாடியது வேறு: உமை பிடியாகவும் (பெண் யானை) சிவன் களிறாகவும் (ஆண் யானை) வடிவெடுக்க, கணபதி தோன்றினார். அதன்படி யானைமுகம் பிறவியிலேயே வந்தது. வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. எனக்கு இதுதான் பிடிக்கும். அம்மம்மாவோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

அலஸ்தோட்டத்திலிருந்து: யானைமுகனைக் கும்பிடுகிறோம். அப்பாவான சிவனோ யானையை உரித்துத் தோலைப் போர்த்தவர். இது முரணாக இல்லையா?

நல்ல கேள்வி. பதில் நம் கோணேசர் கோயில் பதிகத்திலேயே இருக்கிறது. சம்பந்தர் பாடிய கோணமாமலைப் பதிகத்தின் இரண்டாம் பாட்டை எடுத்துப் பாருங்கள். முதல் அடியில் சீறி வந்த யானையை உரித்துப் போர்த்தவர் என்கிறார். அடுத்த அடியிலேயே அம்மனைப் 'பிடியன நடையாள்' என்கிறார். ஒரே பாட்டில் யானை பயங்கரமும் ஆகிறது, அழகும் ஆகிறது. யானையோடு வாழ்ந்த சனங்களுக்கு இது முரணாகத் தெரிந்திருக்காது. மதம் பிடித்து வந்தால் ஓட வேண்டும், பிடி குட்டியோடு குளத்தில் இறங்கினால் நின்று பார்க்க வேண்டும்.

உரித்த கதை தாருகாவனத்து முனிவர்களுடையது. வேள்வித் தீயில் யானையை எழுப்பிச் சிவன் மேல் ஏவினார்கள். அது நடந்த இடமாகச் சொல்வது சிவன் வீரம் காட்டிய எட்டுத் தலங்களான அட்டவீரட்டத்தில் ஒன்றான வழுவூர், மயிலாடுதுறைக்குப் பக்கத்தில். அந்த யானையை ஆணவத்தின் வடிவாகச் சைவர்கள் பொருள் கொள்வதுண்டு. ஆகவே உரிபட்டது ஆணவம். காட்டு யானைமேல் சிவனுக்குக் கோபம் எதுவும் இல்லை.

தம்பலகாமம் கமக்காரர் ஒருவர்: வெட்டுக்கு நின்ற வேளாண்மையை ஒரே இரவில் துவைத்துப் போட்டுது. வெடி கொளுத்தினால் பிள்ளையாருக்குப் பாவமா?

இல்லை அண்ணை. வெடி போட்டு விரட்டுங்கள், பரணில் நெருப்பு மூட்டுங்கள். பிள்ளைகளின் சோற்றைக் காப்பதில் என்ன பாவம்? ஆனால் பூசணிக்காய்க்குள் வெடிமருந்து வைப்பதும், வீட்டு மின்சாரத்தை வேலிக் கம்பியில் பாய்ச்சுவதும் வேறு. வாய் சிதைந்த யானை எதையும் தின்ன முடியாமல் நாட்கணக்கில் பட்டினி கிடந்து சாகும். அந்தக் கம்பியில் மனிதரும் செத்திருக்கிறார்கள். அது பாவம் மட்டும் இல்லை, சட்டப்படியும் குற்றம்.

குளக்கட்டிலும் காட்டுப் பாதையிலும் நம் முன்னோர் பிள்ளையாரை வைத்ததில் யானைப் பயத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். வடமத்திய பக்கத்துச் சிங்களக் கிராமத்தவரும் காட்டுக்குள் நுழையுமுன் ஒரு இலைக் குழையை ஒடித்து மரத்தில் தொங்கவிட்டுக் காவல் கேட்பார்கள்.

கன்னியாவிலிருந்து: கேரளாக் கோயில்களில் வரிசையாக யானை நிற்கிறது. நம் கோயில்களில் ஏன் இல்லை?

நம்மிடம் மர யானை வாகனம் இருக்கிறது, போதும். இந்த நாட்டில் உயிருள்ள யானை பெரும்பாலும் பெரஹரா என்னும் ஊர்வலங்களில்தான் வருகிறது. கண்டியில் பல்லாண்டு புத்தரின் புனிதப் பல் பேழையைச் சுமந்த ராஜா என்ற யானை 1988இல் இறந்தது. கதிர்காமத்திலும் முருகனின் யந்திரத் தகடு வைத்த பேழை யானை மேல்தான் வரும்.

குருவாயூர்க் கேசவனை எல்லோரும் புகழ்கிறார்கள். 1976இல் ஏகாதசியன்று இறந்த யானை, பெரிய கதைதான். ஆனால் 2024இல் திருச்செந்தூர்க் கோயில் யானை தன் பாகனையே கொன்றது. காட்டில் கூட்டமாக அலைய வேண்டிய பிராணியைச் சங்கிலியில் கட்டி, மேளத்துக்கும் தீவட்டிக்கும் நடுவில் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. திருச்சூர்ப் பக்கம் ஒரு கிருஷ்ணன் கோயிலில் 2023 முதல் இயந்திர யானையை வைத்திருக்கிறார்கள். நம் மர வாகனம் இந்தத் தீர்வை எப்போதோ கண்டுவிட்டது!

பாலையூற்றிலிருந்து: முருகனுக்கும் யானை வாகனம் உண்டா?

உண்டு. திருமுருகாற்றுப்படையில் அவர் யானை மேல் வருகிறார். சுவாமிமலையில் சந்நிதி முன் மயில் இருக்க வேண்டிய இடத்தில் யானை நிற்கும். தெய்வயானையை வளர்த்ததே ஐராவதம்தான்.

மூதூரிலிருந்து ஒரு தம்பி: கஜமுத்து (யானைத் தந்தத்துக்குள் கிடைக்கும் முத்து) வாங்கி வைத்தால் செல்வம் கொட்டுமாம். ஒருவர் விலை சொல்லியிருக்கிறார்.

வாங்காதே. ஒரு யானை செத்துத்தான் அது உன் கைக்கு வரும். விற்பவனையும் வைத்திருப்பவனையும் பிடித்த செய்தி அடிக்கடி பேப்பரில் வருகிறதே, பார்க்கவில்லையா? கொட்டப்போவது வழக்குச் செலவு.

பாதயாத்திரை போகும் தங்கச்சி: வெருகல் வழியாகக் கதிர்காமம் போகிறோம். யால காட்டில் யானை வந்தால் என்ன மந்திரம் சொல்லலாம்? கஜேந்திர மோட்சம் பரவாயில்லையா?

கஜேந்திர மோட்சத்தில் காப்பாற்றச் சொல்லிக் கூப்பிட்டதே யானைதான் தங்கச்சி, முதலை பிடித்ததால். யானையிடமிருந்து தப்ப அதைப் படித்தால் பெருமாளே குழம்பிப்போவார். அரோகரா போதும். அப்புறம் காடு தொடங்கும் உகந்தை தாண்டினால் கூட்டத்தை விட்டு விலகாதீர்கள். இருட்டில் நடக்க வேண்டாம். யானையைக் கண்டால் போனை எடுத்துக் கிட்டப் போகாமல், வழி தெரிந்த சாமிமார் சொல்கிற இடத்தில் சத்தமில்லாமல் நில்லுங்கள். தண்ணீர் இருக்கும் இடங்களில் காலையிலும் மாலையிலும் கூடுதல் கவனம்.